பனந்தோப்புக் காலனியைச் சுற்றிய கோடு

1988ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, இரும்புலியூருக்குக் கிழக்கே இருந்த பனந்தோப்புக் காலனியிலிருந்து வேலைக்குக் கிளம்பிய எல்லோரும் கால் மணி நேரம் நடந்து அவரவர் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். அன்று தாம்பரம் மார்க்கெட்டில் தக்காளி மலிவு, மழை லேசாகத் தூறியது, மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், ரயில்வே யார்டில் மூட்டை தூக்குகிறவர்கள், சானடோரியம் பக்கம் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் வழக்கம்போல் காலிமனைகளுக்குக் குறுக்கே ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்துப் போனார்கள். வழியில் இருந்த வாய்க்கால் மதகு வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மதகைத் தாண்டி எடுத்து வைத்த கால் சொந்த வீட்டு வாசற்படியில் இருந்தது. திரும்பப் போனார்கள், திரும்ப வந்தார்கள். கொத்தனார் ஜெயவேலு பிடிவாதக்காரர், மத்தியானம் வரை விடாமல் போய்ப்போய் வந்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் சம்சாரம் கையைப் பிடித்து உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள். "இன்னிக்கி இல்லாங்காட்டி நாளைக்கிப் போய்க்க, இன்னா இப்போ" என்றாள். மறுநாளும் அதே கதைதான்.

வெளியாட்களுக்கு ஒரு தடையும் இல்லை. கீரைக்காரி வந்தாள், போனாள். தபால்காரர் வந்தார், போனார். ஐஸ் பெட்டிக்காரன் மணியடித்துக்கொண்டே வந்து மணியடித்துக்கொண்டே போனான். காலனியில் வீடு உள்ளவர்களுக்குத்தான் வழி இல்லை. வெளியே வாழ்க்கைப்பட்ட பெண்கள் தீபாவளிக்கு வந்து தாராளமாகத் திரும்பிப் போனார்கள். காலனிக்கு மருமகளாக வந்தவர்கள் தாலி ஏறிய நிமிஷத்திலிருந்து உள்ளேதான். செத்தவர்களைக்கூட இடுகாட்டுக்குத் தூக்கிப் போக முடியவில்லை, ஏனென்றால் தூக்குகிறவர்கள் நாலு பேரும் மதகில் ஆளுக்கொரு வாசலுக்குப் போய்விடப் பாடை நடுவழியில் கிடந்தது. அதற்குப் பிறகு பனைமரங்களுக்குப் பின்னாலேயே குழி வெட்டினார்கள்.

இதற்கு முந்தின வாரம் பட்டணத்தில் ஒரு ஏசி அறையில் ஒரு காரியம் நடந்திருந்தது. தென்சென்னைப் புறநகர் முழுவதையும் கம்ப்யூட்டரில் வரைந்து தருகிற வேலையை ஒரு தனியார் கம்பெனி எடுத்திருந்தது. பழைய கிராம வரைபடத்தில் காலனிக்கும் ரோட்டுக்கும் நடுவே இரண்டு புள்ளிக்கோடுகளாக ஒரு வண்டிப்பாதை உண்டு. ஆனால் ஊரில் நிலபுலன் படைத்த குடும்பத்தைச் சேர்ந்த சுப்பராயலு, தன் நெல் வயலை மனை போட்டு 'சுப்பராயலு நகர்' என்று பலகை நட்டபோது, அந்தப் பாதையையும் சேர்த்தே மனை போட்டிருந்தார். கம்பெனிக்குப் போனது அவருடைய மனைப்படம். கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்து, காலனியைச் சுற்றி ஒரு கோட்டை இழுத்து, இழுத்த இடத்திலேயே கொண்டுவந்து முடித்தார்கள். திங்கட்கிழமை காலை படம் அச்சாகி வெளியே வந்தது. இந்த விவரம் காலனிக்குத் தெரியவர எட்டு வருஷம் ஆனது. காலனி ஜனங்கள் மனைகளுக்குக் குறுக்கே நடக்காமலிருக்க மதில் எழுப்புவதற்கென்று சுப்பராயலு செங்கல்கூட இறக்கி வைத்திருந்தார். மதிலுக்கு அவசியமே இல்லாமல் போகவே, அந்தச் செங்கல்லில் தனக்கொரு மாடி வீடும், பக்கத்தில் வாடகைக்கு விட ஒரு வரிசை லைன் வீடும் கட்டிக்கொண்டார். மனிதருக்கு எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை.

சாராளுக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. புருஷன் அப்பாதுரைக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு ஆலையில் வேலை, தை மாதத்தில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை அவன் ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தான். சாராள் மதகின் இந்தப் பக்கம் ஓடிவந்து நின்று கையை ஆட்டிக் கத்தினாள்.

"உள்ள வராதய்யா! வந்தா மாட்டிக்குவ. வேலை பூடும்!"

அவன் ஒரு காலைத் தூக்கிய நிலையில் நின்றான். என்ன ஏது என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் நம்பவில்லை, ஆனாலும் தூக்கிய காலைப் பின்னால் வைத்தான். வராதே என்று சொன்னவள் அவள்தான். சொன்னது நியாயம்தான், ஒரு சம்பளமாவது வெளியிலிருந்து வர வேண்டாமா? அதெல்லாம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவன் அந்தக் காலைப் பின்னால் வைத்ததை அவள் பார்த்துவிட்டாள், அதை அவளால் மன்னிக்க முடியவில்லை. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் சொல்வதற்கில்லை. மனசு அப்படி.

அவன் முதலில் சிநேகிதர்கள் அறையில் ஒண்டினான், பிறகு சுப்பராயலுவின் லைன் வீட்டிலேயே ஒரு அறை பிடித்தான். காலனிக்கு அதைவிடக் கிட்டே வேறு வீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதகுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பான், இவள் இந்தப் பக்கம் நிற்பாள். அவன் அரிசி, சோப்பு, தைலம் எல்லாம் கொண்டுவருவான். இவள் தூக்குச்சட்டியில் குழம்பு கொடுப்பாள். சட்டியை எட்டி வாங்கும்போது விரல்கள் படும். காலனியே வேடிக்கை பார்க்கும் என்பதால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கல்யாணமான புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் எவ்வளவு நேரம்தான் குழம்பைப் பற்றிப் பேசுவார்கள்? பேசினார்கள், எட்டு வருஷம் பேசினார்கள்.

காலனி பிழைக்கக் கற்றுக்கொண்டது. ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் வேனில் துணி கொண்டுவந்து போட்டுவிட்டு, தைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கேயும் ஓடிவிட முடியாத தையல்காரர்கள் கிடைத்தால் எந்தக் கம்பெனிக்குக் கசக்கும்? கூலியை அவர்கள் வைத்ததுதான் கூலி. சாராளும் தைத்தாள். அவள் பட்டன் துளைக்குக் காஜா எடுத்த சட்டைகள் கப்பலேறிப் போயின, அவளுக்கு ரயிலடி பார்க்கவே வழியில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஊதுவது காலனிக்குக் காற்றோடு வரும். கிழக்கு வரிசையில் கிணற்றை ஒட்டியிருந்த அவள் வீட்டில்கூட அது நன்றாகவே கேட்கும். சில நாள் அந்த ஊதல் கேட்கிற நேரத்துக்கு அவள் வேண்டுமென்றே மிஷினை வேகமாக மிதித்தாள்.

மனு கொடுக்காமல் இல்லை, தபாலில் கொடுத்தார்கள். ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார், மதகைத் தாண்டி உள்ளே வந்தார், மதகைத் தாண்டி வெளியே போனார், மறுபடி ஒருமுறை வந்து பார்த்தார். "எனக்குப் போக வர முடியுதே, உங்களுக்கு மட்டும் என்னய்யா?" என்றார். ஜெயவேலு அவர் கண்ணெதிரே மதகைத் தாண்டிக் காட்டினார், கண்ணெதிரே காணாமல் போய் வீட்டிலிருந்து நடந்து வந்தார். அதிகாரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, விசாரணைக்கு எல்லோரும் ஆபீசுக்கு நேரில் வரவேண்டும் என்று தேதி சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தேதியில் காலனி மொத்தமும் நல்ல துணி உடுத்திக் கிளம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மனுதாரர்கள் ஆஜராகாததால் மனு தள்ளுபடி ஆனது. அதற்குப் பிறகு கொடுத்த மனுக்களுக்கும் அதே முடிவுதான்.

கோடு எப்படிப்பட்டது என்பதைக் காலனி குப்புராஜ் விஷயத்தில்தான் தெரிந்துகொண்டது. குப்புராஜும் அப்பாதுரை மாதிரியே அந்தத் திங்கட்கிழமை வெளியே மாட்டிக்கொண்டவன். சம்சாரம் பச்சையம்மா உள்ளே இருந்தாள். மூன்றாம் வருஷம் அவன் அம்மா இறந்தபோது, மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, பெற்றவளுக்குக் கொள்ளி வைக்கிறேன் என்று அழுதுகொண்டே உள்ளே வந்தான். எல்லோரும் மெச்சினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பீடி வாங்கிவர என்று ஏதோ ஞாபகத்தில் மதகுப் பக்கம் நடந்தான். தாண்டினான். போய்க்கொண்டே இருந்தான். காலனியே எழுந்து நின்று பார்த்தது. கூடுவாஞ்சேரியில் அவனுக்கு வேறொரு குடித்தனம் இருந்தது பிறகுதான் தெரிந்தது, ஆனால் கோட்டுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. ஒருவனுடைய வீடு எது என்பதில் அது ஏமாறுவதில்லை. பச்சையம்மா மறுநாள் வந்த பழைய பாத்திரக்காரனிடம் அவன் தட்டையும் சொம்பையும் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து சாராளின் நெஞ்சில் ஒரு முள் ஏறிக்கொண்டது. அப்பாதுரை உள்ளே வந்து பார்க்கலாம் அல்லவா? மாட்டிக்கொண்டால் அவன் வீடு இங்கே என்று அர்த்தம். வேலை போகும், போகட்டும், தையல் கூலியில் இரண்டு பேர் அரைவயிறு சாப்பிடலாம். அவன் வரவில்லை. குப்புராஜ் கதை அவன் காதுக்கும் போயிருந்தது. அந்த வாரம் அவன் மதகில் நின்று ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் வா என்று கூப்பிடவில்லை. வாராவாரம் வந்தவன் பிறகு பதினைந்து நாளுக்கொரு முறை வந்தான், ஓவர்டைம் என்றான். ஓவர்டைம் உண்மையாகவே இருந்திருக்கலாம்.

1996 கோடையில் வேதசிரோமணி என்றொரு இளைஞன் காலனிக்கு வந்தான். கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், கம்ப்யூட்டர் படித்தவன், ஒரு தொண்டு அமைப்பில் சேர்ந்திருந்தான். பாதை இல்லாத, குழாய் இல்லாத, இடுகாடு இல்லாத காலனிகளை எல்லாம் கம்ப்யூட்டர் வரைபடத்தில் சிவப்பாகக் காட்டிக் கோர்ட்டில் வைப்பது அவர்களுடைய திட்டம். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை, மனு எழுதினால் படிப்பதில்லை, படமாகக் காட்டினால் மறுக்க முடியாது என்பது அவன் கட்சி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு நாம் நிற்கும் இடத்தைச் சொல்லும் ஒரு கருவியும் வைத்திருந்தான், அரைச் செங்கல் அளவு இருக்கும். 1988ஆம் வருஷத்துப் படத்தின் நகலைச் சாராளின் தையல் மிஷின் மேல் விரித்துக் காட்டினான்.

"பாருங்க அக்கா, இதுல உங்க வழியே இல்ல. சுத்தி மூடிட்டாங்க."

சாராள் அந்தக் கோட்டை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தாள். "இத்தினூண்டு கோட்டுக்கா நாங்க இம்மாம் வருசம் லோல்பட்டுகினு கீறோம்?" என்றாள். பிறகு அழுதாள். வேதசிரோமணி கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் காலனியின் ஓரமெல்லாம் கருவியோடு நடந்தான், சாராளும் கூடவே நடந்து இன்னது இன்னார் வீடு என்று சொல்லிக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் அமெரிக்க ராணுவம், எதிரிகளுக்குப் பயன்படக்கூடாது என்று, அந்தச் செயற்கைக்கோள்களை வேண்டுமென்றே கொஞ்சம் பொய் சொல்ல வைத்திருந்தது. நிற்கிற இடத்துக்கும் கருவி சொல்கிற இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். வேதசிரோமணிக்கு அது தெரியும். ஒரு மாவட்டத்தைப் பார்க்கிற கோர்ட்டுக்கு நூறு மீட்டர் பெரிதா என்று விட்டுவிட்டான். அன்றைக்குப் பொய் மேற்குப் பக்கமாக இருந்தது. ஆபீசுக்குப் போய்ப் புள்ளிகளை ஏற்றி, பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோட்டைப் போட்டான். சிவப்பு நிறம் கொடுக்கப் பார்த்தால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. கோடு ஓரிடத்தில் திறந்திருந்தாலும் நிறம் அந்த வழியாக ஒழுகிப் படம் முழுக்கப் பரவிவிடும், மூடினால்தான் உள்ளே நிற்கும். நல்ல எண்ணத்தோடு ஒரு பொத்தானை அழுத்தி மூடினான். காலனி அழகாகச் சிவந்தது.

மறுநாள் காலை கோடு நூறு மீட்டர் மேற்கே நகர்ந்திருந்தது. சுப்பராயலுவின் மாடி வீடு, லைன் வீடுகள், சுப்பராயலு நகரின் முதல் இரண்டு தெருக்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. காலனியின் கிழக்கு வரிசை வெளியே விழுந்துவிட்டது. சுப்பராயலு ஒரு நிலப் பதிவுக்காகக் காரில் கிளம்பி, தன் வீட்டு கேட்டுக்கே வந்து சேர்ந்தார். டிரைவரைத் திட்டிவிட்டுத் தானே ஓட்டினார், அப்போதும் கேட்தான் வந்தது. பெட்ரோல் தீரும் வரை ஓட்டினார் என்று காலனியில் இன்றும் சொல்வார்கள், அதில் கொஞ்சம் சந்தோஷ மிகை இருக்கலாம். இந்தப் பக்கம் கிழக்கு வரிசையில் வீடு உள்ள ஜெயவேலு கிணற்றுக்குப் பின்னால் ஒதுங்கப் போனவர், நடக்க நடக்கத் தூரம் வந்துகொண்டே இருப்பதைக் கண்டு பயந்து நின்றார், பிறகு ஓட ஆரம்பித்தார். அவரைச் செங்கல்பட்டில் பார்த்ததாக ஒரு வாரம் கழித்துத் தகவல் வந்தது.

சாராள் ஓடவில்லை. முகம் கழுவி, ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டு, கோழிகளைத் திறந்துவிட்டு, ஏரிக்கரையைச் சுற்றி ஜிஎஸ்டி ரோட்டுக்கு வந்தாள். ரோடு அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் மஞ்சள் போர்டு மாட்டிய டெலிபோன் பூத்துகள். கண்ணாடி வைத்த கடைகள். ஒருத்தி ஸ்கூட்டரில் தனியாகப் போனாள். சாராளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். இவ்வளவும் அவளைக் கேட்காமல் நடந்திருந்தது. ரோட்டோரம் நின்று அவள் நன்றாக மூச்சு வாங்கினாள், பஸ் புகை நெஞ்சில் ஏறியது, அதுவும் வேண்டியிருந்தது. பிறகு லைன் வீட்டுச் சந்துக்குத் திரும்பினாள். அதற்குள் பிள்ளைகள் கோடு எங்கே என்று கண்டுபிடித்துச் சுண்ணாம்புத் தூளால் தரையில் இழுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் அப்பாதுரை ஆலைச் சட்டையோடு நின்றான், ஷிஃப்டுக்குப் போகப் பார்த்துப் பார்த்து அறைக்கே திரும்பி வந்தவன். காதோரம் நரைத்திருந்தது, மதகில் நின்ற நாட்களில் அவள் அதைக் கவனித்ததே இல்லை.

அவளைக் கண்டதும் அவன் கையை ஆட்டிக் கத்தினான். "வராதமே! உள்ள வராத! நீயாச்சும் வெளிய கீற, அப்டியே போய்டு!"

சாராள் அவனையே பார்த்துக்கொண்டு சுண்ணாம்பைத் தாண்டினாள். சந்தேகமே இல்லாமல், இடது காலா வலது காலா என்றுகூடப் பார்க்காமல் தாண்டினாள். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். அறைக்குள் ஒரு பம்ப் ஸ்டவ், ஒரு பாய், ஆணியில் இரண்டு சட்டை, அவ்வளவுதான் இருந்தது. வேறொரு பெண்ணின் சாமான் ஏதாவது கண்ணில் படுகிறதா என்று அவள் தேடியது உண்மை. அவன் டீ போட்டான், சர்க்கரை போட மறந்துவிட்டான். இரண்டு பேரும் ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். குழம்பைப் பற்றிப் பேசலாம் என்றால் குழம்பு இல்லை. சாயங்காலம் அவள் எழுந்து புடவையை உதறினாள்.

"கோழிய அடைச்சிட்டு வந்துர்றேன்."

சந்து முனைக்குப் போய்க் கோட்டைத் தாண்டினாள். தாண்டிய கால் அப்பாதுரையின் அறை வாசலில் இருந்தது. அவன் உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். இன்னொரு தடவை போய் வரவேண்டிய அவசியம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அப்பாதுரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"நீ ஏன்யா வர்ல?" என்று அவள் கேட்டாள். எட்டு வருஷக் கேள்வி அது. "வேலை பூடும்னா?"

"மொதல்ல அதுக்குத்தான். அப்பால குப்புராஜ் கதைய கேட்டப்புறம்..." அவன் துண்டை எடுக்காமலே பேசினான். "உள்ள வந்து மாட்டிகினா பரவால்ல. மாட்டாம வெளிய வந்துட்டேன்னு வெச்சுக்கோ, அப்பால உன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

சாராளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்தாள். அன்றிலிருந்து அவர்கள் குடித்தனம் அந்த ஒற்றை அறையில் நடந்தது. வெளியே போக வழியில்லாத அந்த நாட்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுப்பராயலு மாட்டிக்கொண்டதும் காரியங்கள் வேகம் பிடித்தன. அவருக்குப் போக முடியாததால் அதிகாரிகளே வந்தார்கள், அவர் வீட்டு ஹாலில் மேஜை போட்டு விசாரணை நடந்தது, இம்முறை மனுதாரர் ஆஜராகவில்லை என்று யாரும் எழுதவில்லை. வேதசிரோமணியையும் வரவழைத்தார்கள். சுப்பராயலுவின் பேச்சு நேரடியாக இருந்தது. "தப்பு உன் மிஷின்ல தம்பி. கோட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிடு, வேலை முடிஞ்சிது." இதில் பொய் ஒன்றும் இல்லை. வாசலில் கூட்டத்தோடு நின்ற சாராளையும் அப்பாதுரையையும் பார்த்து, "உங்களுக்கும் அதான் நல்லது. லைன் வீடு வெளிய வந்துடும். ரெண்டு பேரும் ஜம்னு இருக்கலாம்" என்றார். அதுவும் பொய் இல்லை. கோட்டை நூறு மீட்டர் தள்ளினால் சாராளுக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிடும். புருஷன், வீடு, ரோடு எல்லாம். அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் பச்சையம்மா நின்றிருந்தாள், இடுப்பில் அந்த பிளாஸ்டிக் குடம். பேசாமல் இருந்துவிடலாமா என்று சாராள் யோசித்தாள். ஒரு நிமிஷம் நன்றாகவே யோசித்தாள்.

"தம்பி," என்றாள் வேதசிரோமணியிடம், "பாதைய போடாம அந்தக் கோட்டைத் தொடாத. தொட்ட, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

வேதசிரோமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, நில உரிமையாளர் பாதைக்கு இடம் விட்டுச் சம்மதம் தந்தால் ஒழியக் கோட்டை நகர்த்தக் கம்ப்யூட்டரில் வசதி இல்லை என்று சொன்னான். இது உண்மையா என்று அதிகாரிகளுக்குத் தெரியவில்லை, அவர்களில் ஒருவருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. சுப்பராயலு மூன்று மாதம் அசையவில்லை. ஆவணியில் அவர் மகளுக்கு மேற்குத் தாம்பரத்தில் மண்டபம் பேசியிருந்தது. தாலி ஏறினால் மகளுடைய வீடு வேறு, ஆனால் தாலி ஏற முதலில் மண்டபத்துக்குப் போயாக வேண்டும். அவளும் போய்ச் சேர முடியாது, தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பனும் போய்ச் சேர முடியாது. கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு வரிசை மனையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூட மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அப்பாதுரைக்குப் பாவமாகப் போயிற்று. சாராளுக்குப் பாவம் எதுவும் வரவில்லை.

அன்று மாலை வேதசிரோமணி கோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், ரோட்டுப் பக்கம் அதைத் திறந்து, இரண்டு புள்ளிக்கோடுகளைப் போட்டான். எதிர்பார்த்த மாதிரியே சிவப்பு அந்த வழியாக ஒழுகி ஜிஎஸ்டி ரோட்டில் இறங்கி, வடக்கே பல்லாவரத்தைத் தாண்டியும், தெற்கே மறைமலை நகர் வரையும், கிழக்கே நாவலூர் உப்பங்கழி வரையும் பரவியது. அழிக்கப் பார்த்தான், அழியவில்லை. மறுநாள் பொழுது விடிந்தபோது அந்த வட்டாரத்துச் சுவர்கள் எல்லாவற்றிலும் லேசாகச் செம்மை ஏறியிருந்தது, வெள்ளையடித்த மறுவாரம் மறுபடி ஏறியது. காலனிக்குப் பக்கத்தில் குடியிருப்பதாகச் சொல்லிக்கொள்ளாதவர்கள் முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். கல்குவாரி லாரிப் புழுதி என்று சிலர் சொன்னார்கள். கொஞ்ச காலத்தில் பெயின்ட் கடைக்காரர்கள் அந்த நிறத்துக்கே ஒரு பெயர் வைத்து டப்பாவில் அடைத்து விற்றார்கள், நன்றாகவே விற்றது.

பாதை திறந்த மறுநாள் காலனி ஜனங்கள் அதில் நடந்தார்கள். சும்மா ரோடு வரை போவதும் வருவதுமாக, கைக்குழந்தைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பச்சையம்மா கூடுவாஞ்சேரி பஸ்ஸில் ஏறி, பாதியில் மனசு மாறி வண்டலூரில் இறங்கி, மிருகக்காட்சிசாலை பார்த்துவிட்டு வந்தாள். ஆரவாரத்துக்கு நடுவே சாராள்தான் திடீரென்று பாதி வழியில் நின்றுவிட்டாள். கோடு அவளைச் சோதித்துவிட்டது, அவள் வீடு எது என்று ஊருக்கே தெரியும். அப்பாதுரையை அது சோதிக்கவே இல்லை. அவன் மாட்டிக்கொண்டது தன் சொந்த வாடகை அறையில், அதில் எதுவும் தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்ளக் கோடும் இல்லை. அவனிடமே கேட்டாள். அவன் யோசித்துவிட்டு, "தெர்லமே. சத்தியமா தெர்ல" என்றான். பொய் சொல்லியிருக்கலாம், அவன் சொல்லவில்லை.

ஆலையில் அவனை வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், சர்வீஸ் கொஞ்சம் அடிபட்டது. திங்கட்கிழமை முதல் ஷிஃப்டுக்கு அவன் கிளம்பியபோது சாராள் வாசல் வரை வரவில்லை. சோற்று டப்பாவை உள்ளேயிருந்தே நீட்டினாள். அன்று முழுக்க அவள் தைத்த காஜா ஒன்றும் நேராக வரவில்லை. மறைமலை நகரிலிருந்து மதுரைக்குப் பஸ் உண்டு, மைசூருக்கு உண்டு, எங்கே வேண்டுமானாலும் உண்டு. சாயங்காலம் அவன் வந்தான், எந்தக் கோடும் கொண்டுவந்து விடாமல், பஸ்ஸுக்கு நின்று, டிக்கெட் வாங்கி, நடந்து வந்தான். மறுநாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். இது எப்படி நடக்கிறது என்று அவள் யாரையும் விளக்கம் கேட்கவில்லை. அவன் வருகிற நேரத்துக்கு உலை வைக்கப் பழகிக்கொண்டாள்.